உங்க மணியா, எங்க மணியா

எல்லைத் தெருவின் இந்த ஓரம் குயின்ஸ்லாந்து, அந்த ஓரம் நியூ சவுத் வேல்ஸ். குளிர்காலத்தில் இரண்டு ஓரத்துக்கும் ஒரே மணிதான். அக்டோபர் பிறந்ததும் அந்த ஓரத்துக்காரர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவிடுவார்கள். நாங்கள் தள்ளமாட்டோம். தள்ளக்கூடாது என்று எங்கள் மாநிலம் முடிவெடுத்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. அதனால் ஏப்ரல் வரைக்கும், பால் வாங்கத் தெருவைக் கடக்கிறவன்கூட ஒரு மணி நேரத்தைத் தொலைத்துவிட்டு, திரும்பி வரும்போது அதைப் பொறுக்கிக்கொண்டு வருகிறான்.

வெளியூர்க்காரர்களுக்கு இது வேடிக்கை. டிசம்பர் கடைசி நாள் அந்த ஓரத்தில் ஒரு புத்தாண்டைக் கொண்டாடிவிட்டு, ஓடிவந்து இந்த ஓரத்தில் இன்னொன்றைக் கொண்டாடுவதற்கென்றே வருவார்கள். எங்களுக்கு இது பிழைப்பு. பல் டாக்டரானாலும் கல்யாணமானாலும் "உங்க மணியா, எங்க மணியா?" என்று கேட்டுவிட்டுத்தான் மேற்கொண்டு பேசுவோம். கேட்க மறந்துபோனால் அதற்கும் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். யார் கூரையோ அவர்கள் மணி. டீ யார் ஊற்றுகிறார்களோ அவர்கள் கடிகாரம். இது எங்கேயும் எழுதி வைக்காத சட்டம், அதனால்தான் ஒழுங்காக நடக்கிறது. எழுதி வைக்கிற சட்டத்தையெல்லாம் எங்கள் தலைநகர் பிரிஸ்பேனில் செய்கிறார்கள்.

நெவில் கார்மடியின் பேக்கரி எங்கள் ஓரத்தில், என் சலூனை ஒட்டிய கடை. அவன் அப்பா போட்டது. கொத்திய மாட்டிறைச்சியும் மிளகுக் குழம்பும் மாவுக்குள் வைத்துச் சுடுகிற மீட் பைதான் அங்கே பேர்போனது. மஞ்சள் சட்டை போட்ட கட்டட வேலைக்காரர்கள் காலையில் வேலைக்குப் போகிற வழியில் ஆளுக்கு இரண்டு வாங்கி, வண்டி ஓட்டிக்கொண்டே தின்றுவிட்டு, குழம்புக் கறையோடு சாரம் ஏறுவார்கள். நெவிலுக்குக் கை பெரிது, குரல் சின்னது. புருவத்தில் எப்போதும் மாவு ஒட்டியிருக்கும். யார் சிரித்துப் பேசினாலும் நம்பிவிடுவான். இதை நல்ல குணம் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் யாரும் பக்கத்துக் கடையில் உட்கார்ந்து முப்பது வருடம் அதைப் பார்த்தவர்கள் இல்லை.

அவன் தொல்லை இதுதான். கடை இந்த ஓரம், கட்டடம் எழும்புவதெல்லாம் அந்த ஓரம். கோடையில் அவர்கள் ஒரு மணி நேரம் முன்னதாக வேலைக்குப் போவதால் இவனும் ஒரு மணி நேரம் முன்னதாக அடுப்பு மூட்ட வேண்டும். பிற்பகல் வியாபாரமோ எங்கள் பள்ளிக்கூடத்தையும் எங்கள் வங்கியையும் நம்பியது. அவை எங்கள் மணிப்படிதான் விடும். முன்னால் பறிகொடுத்த ஒரு மணி நேரத்தைப் பின்னால் யாரும் திருப்பித் தருவதில்லை. வருடத்தில் பாதி நாள் அவனும் அவன் மனைவி வில்மாவும் ஒரு மணி நேரம் கூடுதலாக நின்றார்கள். கடை மூடியதும் சாப்பிட்டும் சாப்பிடாமலும் படுக்கையில் விழுவார்கள். வாசலிலிருந்து பார்த்தால் தெரிகிற தூரத்தில் கடல். அதில் அவர்கள் இருவரும் சேர்ந்து கால் நனைத்து எத்தனை காலம் ஆயிற்று என்பது எனக்குத் தெரியும்.

ஏனென்றால் நனைத்த காலத்தையும் நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் கல்யாணம் செய்துகொண்ட புதிதில் குயின்ஸ்லாந்தும் மூன்று கோடைக்குக் கடிகாரத்தைத் தள்ளிப் பார்த்தது. சும்மா சோதனைக்கு. அந்த மூன்று கோடையும் இரண்டு ஓரமும் ஒரே மணி. நெவிலும் வில்மாவும் வெளிச்சம் கொட்டிக் கிடக்கும்போதே கடையைப் பூட்டிவிட்டு, தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு என் சலூன் வாசலைத் தாண்டிப் போவார்கள். தலை சொட்டச் சொட்டத் திரும்பி வருவார்கள். அப்புறம் பொது வாக்கெடுப்பு வைத்தார்கள். கடற்கரை வேண்டும் என்றது, மற்ற ஊரெல்லாம் வேண்டாம் என்றது. எண்ணிக்கையில் மற்ற ஊர்க்காரர்கள் அதிகம்.

மேற்கே தொலைதூரத்தில் இருக்கிறவர்களின் கவலை நியாயமானது. வெயில் அங்கே ஆளைக் கொல்லும், அந்த உச்சி வெயிலில் பிள்ளைகள் பள்ளி பஸ்ஸில் வெந்துகொண்டு வீடு திரும்ப வேண்டியிருக்கும். அதை நான் கிண்டல் செய்யமாட்டேன். ஆனால் அந்தப் பிள்ளைகளின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு பேசியவர்கள் இருந்தார்களே, அவர்களை விடமாட்டேன். ஒரு மணி நேரம் வெயில் கூடினால் ஜன்னல் திரை வெளுத்துப்போகும் என்று மேடையில் ஒருவர் பேசினார். மாட்டுக்கு எப்போது பால் கறக்க வேண்டும் என்று குழப்பம் வரும் என்றார் இன்னொருவர். மாட்டின் கழுத்தில் கடிகாரம் கட்டியது யாரென்று கேட்க அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கைதட்டினார்கள்.

நெவில் அந்தத் தோல்வியோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. வருகிற அரசாங்கம் புரிந்துகொள்ளும் என்று நம்பினான். அது புரிந்துகொள்ளாதபோது அதற்கடுத்தது என்றான். தேர்தலுக்குத் தேர்தல் எங்கள் தொகுதிக்கு நிற்கிறவர்கள் எல்லாக் கட்சியிலிருந்தும் வருவார்கள். முதலில் என் சலூனில் முடியைத் திருத்திக்கொள்வார்கள், அப்புறம் விடியற்காலையில் நெவில் கடை வாசலில் மஞ்சள் சட்டைக்காரர்களின் தோளில் கை போட்டு, ஒரு மீட் பையைக் கடிக்கிற மாதிரி படம் எடுத்துக்கொள்வார்கள். கடித்ததை முழுதாகத் தின்ற ஒருவரையும் நான் பார்த்ததில்லை. கடிகார விஷயத்தை நெவில் எடுத்தால், "தனிப்பட்ட முறையில் நான் உங்க பக்கம்தான்" என்பார்கள். தனிப்பட்ட முறையில் இந்த மாநிலத்தின் அத்தனை எம்.எல்.ஏ.க்களும் நெவில் பக்கம்தான். சட்டசபைக்குள் போனால் மட்டும் ஆளே மாறிவிடுகிறார்கள்.

இருப்பவர்களில் மோசம் எங்கள் எம்.எல்.ஏ. கிரஹாம் டன்ஸ்டர். தொடர்ந்து ஜெயித்துக்கொண்டே இருப்பவர். எங்கள் ஓரத்துக் கூலங்காட்டாவில் அவருக்கு ஒரு வீடு உண்டு, வாடகைக்கு விட்டிருக்கிறார். குடும்பம் பிரிஸ்பேனில். அவர் தலையில் முடி எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதை அவர் மனைவியைவிட எனக்கு நன்றாகத் தெரியும். ஒருமுறை முடி வெட்டும்போது கேட்டேன், "ஏன் கிரஹாம், அந்தக் கடிகார விஷயம் என்ன ஆச்சு? நெவில் பாவம் எதிர்பாத்துட்டே இருக்கான்."

"காது கிட்ட கொஞ்சம் ஏத்தி வெட்டு, மார்னி," என்றார்.

"கேட்டதுக்குப் பதில்."

"மேற்கு மாவட்டத்து ஆளுங்க எங்க கட்சிய விட்டுப் போயிருவாங்க. அதான் பதில். நீ இத வெளிய சொல்லாத." அப்புறம் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஒரு மணி நேரம்தான. நெவில் ஒரு மணி நேரத்துக்காக எதுக்கு இவ்ளோ அலட்டிக்கிறான்?"

நான் நெவிலிடம் சொல்லத்தான் செய்தேன். அவன் நம்பவில்லை. "கட்சிக்குள்ள இருந்துக்கிட்டு அவர் மட்டும் என்ன பண்ணுவாரு, நேரம் பாத்துப் பேசுவாரு" என்றான். கைமேல் அல்வாவை வைத்தாலும் அதை இனிப்பாக இருக்கிறது என்று தின்கிற ஆள்.

வில்மா அப்படியில்லை. அவள் அந்தப் பக்கத்துக்காரி, மர்வில்லம்பாவில் பிறந்தவள். வருடா வருடம் இரண்டு மாநிலமும் ரக்பியில் மோதும்போது எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு போர் மூளும். அவர்களை நாங்கள் கரப்பான் என்போம், அவர்கள் எங்களைத் தேரை என்பார்கள். நெவில் கடை வாசலில் குயின்ஸ்லாந்தின் அரக்குச் சிவப்புக் கொடி வருடம் முழுவதும் ஆணியடித்து நிற்கும். அவன் அப்பா அடித்த ஆணி. ஆட்ட நாளில் வில்மா கழுத்தில் தன் மாநிலத்து நீலத் துண்டைச் சுற்றிக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்திருப்பாள். எங்கள் பையன்கள் அவளிடமே மீட் பை வாங்கிக்கொண்டு அவளையே திட்டிவிட்டுப் போவார்கள். அவள் மீதிச் சில்லறையோடு சேர்த்து வசவையும் திருப்பிக் கொடுப்பாள்.

எதிர் ஓரத்தில், நெவில் கடைக்கு நேர் எதிரே, வில்மாவின் தம்பிக்குச் சொந்தமான கடை ஒன்று காலியாகக் கிடந்தது. அதைப் பற்றி அவர்கள் பேசியதை நான் சுவர் வழியாகவே எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன்.

"அங்க போட்டா அவங்க மணிக்குத் தெறந்து அவங்க மணிக்கு மூடிரலாம். அவங்க பசங்களும் பள்ளிக்கூடம் விட்டு வருவாங்க. தெருவத் தாண்டுனா முடிஞ்சுது, நெவில்."

"தெருவத் தாண்டுனா நானும் கரப்பான்."

"நான் கரப்பான்தான. இத்தன வருசமா கூடப் படுக்கிற, ஒண்ணும் தொத்தலையே."

"கூடப் படுக்கிறது வேற, வில்மா. கடை போடுறது வேற."

வில்மா சிரித்துவிடுவாள், பேச்சு அத்தோடு முடிந்துவிடும். ஆனால் போன கோடையில் அவளுக்குத் தோள்பட்டை போய்விட்டது. தட்டைத் தூக்கினால் பல்லைக் கடித்துக்கொள்வாள். அப்போது பேசிய பேச்சில் சிரிப்பு இல்லை.

"வர்ற அக்டோபர்ல நான் இந்த ஓரத்துல நிக்கமாட்டேன். நீ வேணும்னா தனியா நின்னுக்க. எனக்கு உடம்பு இல்ல."

அந்த வாரம்தான் பிரிஸ்பேனிலிருந்து கடிதம் வந்தது. எல்லைப் பகுதி மக்களின் சிரமத்தை நேரில் கேட்டு அறிய சட்டசபைக் குழு ஒன்று வருகிறதாம். தலைவர் கிரஹாம் டன்ஸ்டர். நெவிலைச் சாட்சியாக அழைத்திருந்தார்கள். அவன் கடிதத்தோடு என் சலூனுக்குள் ஓடிவந்தான், கையில் மாவோடு. "பாத்தியா மார்னி, நேரம் பாத்துப் பேசுவாருன்னு சொன்னேன்ல." வில்மாவிடம் இந்த ஒரு விசாரணை வரைக்கும் பொறுத்துக்கொள்ளச் சொன்னான். குழு நல்லபடியாக எழுதினால் சட்டம் வரும், சட்டம் வந்தால் அவள் ஒரு மணி நேரம் குறைவாக நிற்கலாம், அப்பா போட்ட கடையும் இருந்த இடத்தில் இருக்கும். அவள் சரி என்றாள். நம்பி அல்ல. அவன் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

எங்கள் ஓரத்து மண்டபத்தில் கூரை வேலை நடந்துகொண்டிருந்ததால் கூட்டத்தை அந்த ஓரத்தில், ட்வீட் ஹெட்ஸில் இருக்கும் கிளப்பின் பின்கூடத்தில் வைத்திருந்தார்கள். கடிதத்தில் காலை பத்து மணி என்று போட்டிருந்தது. யாருடைய பத்து என்று போடவில்லை. இந்தத் தெருவில் கோலிக்குண்டு விளையாடுகிற பிள்ளைகூட அதைக் கேட்கும். நெவில் பிரிஸ்பேனுக்கு ஃபோன் போட்டான், நான் பக்கத்தில் இருந்தேன்.

"அம்மா, பத்துன்னா எங்க மணியா, அவங்க மணியா?"

ஃபோனை எடுத்த பெண் சொன்னது எனக்கும் கேட்டது. "பத்துன்னா பத்துதான் சார்."

சரி, கிளப்பின் கூரை, கிளப்பின் டீ, ஆகவே கிளப்பின் மணி என்று ஊர் முடிவு செய்தது. இந்த விஷயத்தைப் பற்றி விசாரிக்கவே வருகிறவர்கள் இதுகூடவா யோசித்திருக்கமாட்டார்கள் என்றான் நெவில். அந்த ஓரத்துப் பத்து மணிக்கு, அதாவது எங்களுக்கு ஒன்பது, கூடம் நிறைந்துவிட்டது. பூக்கடைக்காரர்கள், பள்ளி பஸ் ஓட்டுகிறவர், பிள்ளைக் காப்பகம் நடத்துகிற அம்மாள்கள், நான். நெவில் கல்யாணத்துக்குத் தைத்த கோட்டைப் போட்டு வந்திருந்தான். வில்மா கடையைப் பூட்டிவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அந்தக் கடை ஒரு வேலைநாளில் பூட்டிக் கிடந்து நான் பார்த்தது அன்றுதான்.

மேடையில் ஐந்து நாற்காலி, ஐந்து தண்ணீர் பாட்டில். ஆள் இல்லை. டீ ஆறியது, பிஸ்கட் தீர்ந்தது. கடை திறக்க வேண்டியவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். போகும்போது நெவிலின் தோளைத் தட்டி, "நீ சொல்லிரு, எங்களுக்கும் சேத்து" என்றார்கள். கடைசியில் நாங்கள் மூன்று பேரும் காது கேட்காத ஒரு கிழவரும் மிஞ்சினோம். கிழவர் சீட்டாட வந்தவர்.

குழு வந்தது, சரியாகப் பத்துக்கு. குயின்ஸ்லாந்துப் பத்துக்கு. கிளப்பின் மேலாளர் பெண் வாசலிலேயே மறித்துச் சொன்னாள். கூடம் அவர்களுக்கு விட்டிருந்த நேரம் ஏறக்குறைய முடிந்துவிட்டது, அடுத்து ஆர்ச்சி என்கிற பழைய மீனவரின் சவ அடக்கம் முடிந்து அவர் குடும்பம் அங்கே சாப்பிட வருகிறது என்று. டன்ஸ்டர் அவள் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு மேடை ஏறினார்.

"நேரத்துல ஏதோ சின்னக் குழப்பம்," என்றார் ஒலிபெருக்கியில். "ஒரு மணி நேரம்தான, பரவால்ல. இருக்குற நேரத்த நல்லாப் பயன்படுத்திக்குவோம்."

இரண்டு மணியால் எல்லைக்காரர்களுக்கு ஏதாவது சிரமம் உண்டா என்று விசாரிக்க வந்த குழு, இரண்டு மணியைக் குழப்பிக்கொண்டு ஒரு மணி நேரம் தாமதமாக வந்து, அதைச் சின்னக் குழப்பம் என்று சொல்லிவிட்டு, சிரமம் உண்டா என்று கேட்கிறது. ஐந்து பேர் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒருவருக்காவது உதடு துடிக்க வேண்டுமே. ஒருவர் பிஸ்கட் தட்டைத் தேடிக்கொண்டிருந்தார்.

அப்புறம் டன்ஸ்டர் வரவேற்றார். கிளப்புக்கு நன்றி சொன்னார், குழு உறுப்பினர்களுக்கு நன்றி சொன்னார், இந்த அழகான கடற்கரைக்கு நன்றி சொன்னார். கடற்கரை பதில் சொல்லவில்லை, அதனால்தான் நிறுத்தினார். நெவிலைக் கூப்பிட்டு, சுருக்கமாகப் பேசச் சொன்னார்.

நெவில் எழுந்து தாளைப் பிரித்தான். "என் பேரு நெவில் கார்மடி. எல்லைத் தெருவுல பேக்கரி வச்சிருக்கேன். எங்கப்பா ஆரம்பிச்சது. கடிகாரத்தத் தள்ளி வச்ச மூணு கோடை, நானும் என் பொண்டாட்டியும் கட மூடிட்டு வெளிச்சத்துல கடலுக்குப் போனோம். நான் கேக்குறது பெருசா ஒண்ணும் இல்ல."

கதவு திறந்தது. ஆர்ச்சியின் மனைவி மோனா கறுப்பு உடையில் நின்றாள், பின்னால் அவள் குடும்பம், கையில் சாண்ட்விச் தட்டுகள். உள்ளே ஆள் இருப்பதைப் பார்த்துத் திகைத்து நின்றுவிட்டார்கள். ஆர்ச்சி நாற்பது வருடம் நெவில் கடையில் மீட் பை தின்றவர்.

டன்ஸ்டர் கையை உயர்த்தி அவர்களை அங்கேயே நிற்கச் சொல்லி சைகை காட்டினார். நெவில் அதைப் பார்த்தான். தாளை மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டான்.

"உள்ள வா மோனா. இது உன் எடம்," என்றான்.

"நெவில், தொடர்ந்து பேச விருப்பமா?" என்று கேட்டார் டன்ஸ்டர்.

"இப்ப வேணாம்," என்றான் நெவில்.

மேடைக்குக் கீழே உட்கார்ந்திருந்த பெண் அதைத் தட்டச்சு செய்துகொண்டாள். குழு பிரிஸ்பேன் திரும்பியது. நெவில் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, மோனாவின் வீட்டார் நாற்காலி அடுக்க உதவி செய்தான்.

குளிர்காலத்தில் அறிக்கை வந்தது. தடிமனான அறிக்கை. எங்கள் ஊருக்கு அதில் ஒரு பத்தி ஒதுக்கியிருந்தார்கள். எல்லைப் பகுதியில் நடந்த கூட்டத்துக்கு வருகை மிகக் குறைவாக இருந்தது, மக்களிடம் இது பற்றிப் பெரிய ஆர்வம் காணப்படவில்லை, அழைக்கப்பட்டிருந்த சாட்சி தொடர்ந்து பேச விரும்பவில்லை, எனவே மாற்றம் எதுவும் தேவை என்று குழு கருதவில்லை. கீழே டன்ஸ்டரின் கையெழுத்து. நல்ல அழகான கையெழுத்து, அதையும் சொல்லிவிட வேண்டும்.

நெவில் அதை என் சலூனில் உட்கார்ந்து படித்தான். வாடிக்கையாளர் யாரும் இல்லை. மறுபடியும் மேலிருந்து படித்தான்.

"நான் விரும்பலன்னு போட்டிருக்காங்க, மார்னி."

அந்தப் பத்தியின் மேல் விரலை வைத்துக் காட்டினான்.

"இத்தன வருசமா வேற என்னத்த விரும்புனேன் நான்?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டேன், கையில் இருந்தால் யாரையாவது குத்திவிடுவேன் போல இருந்தது. அவனுக்கு ஆத்திரம் வரவில்லை. வந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அறிக்கையை மடித்து என் மேஜையில் வைத்துவிட்டு வெளியே போனான். தெரு ஓரத்தில் கொஞ்ச நேரம் நின்றான். அப்புறம் வண்டி வருகிறதா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் தெருவைக் கடந்தான். எதிரே காலிக் கடையின் கண்ணாடியில் கையை வைத்து வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு, உள்ளே அடுப்பு வைக்க இடம் போதுமா என்று பார்த்தான். இந்தப் பக்கம் கல்லாவில் வில்மா எழுந்து நின்றுவிட்டாள்.

செப்டம்பருக்குள் மாறிவிட்டார்கள். அடுப்பு போயிற்று, அப்பாவின் சுவர்க் கடிகாரம் போயிற்று, தட்டுகள் போயின. குடியிருக்கிற வீடு மட்டும் இந்த ஓரத்தில். கொடியை எடுக்கவில்லை. மைத்துனன் தாராளமாகச் சொன்னான், "கொடியும் கொண்டா மச்சான், கரப்பானுங்க கல்லெறிஞ்சா நான் பாத்துக்கறேன்." நெவில் வேண்டாம் என்றான். அது பழைய கடை வாசலில் அதே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. முதல் சில நாள் எங்கள் பையன்கள் தெருவின் இந்தப் பக்கமிருந்து அவனைப் பார்த்து "டேய் கரப்பான்" என்று கத்தினார்கள். அவன் முகம் சிவந்து போகும். அப்புறம் அவர்களே தெருவைத் தாண்டிப் போய் மீட் பை வாங்கினார்கள்.

அக்டோபரில் அந்த ஓரம் கடிகாரத்தைத் தள்ளியது. நெவில் ஏணி போட்டு ஏறி அப்பாவின் கடிகாரத்து முள்ளைத் தன் கையால் தள்ளி வைத்தான் என்று வில்மா சொன்னாள். அந்த வாரம் ஒரு பிற்பகல், நான் ஒரு அம்மாளுக்குத் தலைக்குச் சாயம் போட்டுக்கொண்டிருந்தேன். வாசலில் நிழல் தெரிந்தது. நெவிலும் வில்மாவும் தோளில் துண்டோடு கடலுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். வில்மா ஒரு கையை உயர்த்தினாள், வலிக்காத கையை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. சாயம் காந்துகிறது என்று அந்த அம்மாளிடம் சொன்னேன்.

எங்கள் மாநிலத்தில் தேர்தல் வருவதும் அக்டோபர் கடைசியில்தான். ஒரு காலை, எங்கள் மணிக்கு ஆறு, டன்ஸ்டர் வந்தார். நான் நெவிலின் புதுக் கடையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன், கண்ணாடி வழியாக எல்லாம் தெரிந்தது. பழைய கடைக் கதவைத் தட்டினார். பின்னால் படம் எடுக்கும் பெண். பூட்டைப் பார்த்தார், "எதிரே" என்று எழுதி ஒட்டியிருந்த அட்டையைப் பார்த்தார். சட்டையைச் சரி செய்துகொண்டு தெருவைக் கடந்தார்.

"நெவில், என்ன எங்க கிட்ட சொல்லாமயே இந்தப் பக்கம் வந்துட்ட? பசங்கல்லாம் எங்க?"

"வேலைக்குப் போய்ட்டாங்க," என்றாள் வில்மா.

"ஆறு மணிதான ஆவுது."

"அது உன் மணி. இங்க ஏழாச்சு."

மஞ்சள் சட்டை ஒன்றுகூட இல்லை. எல்லாம் அடுத்த மனையில் மூன்றாவது மாடிச் சாரத்தில் இருந்தன. டன்ஸ்டர் வெளியே போய் மேலே பார்த்துக் கையசைத்தார். மேலிருந்து ஒருவன், "தலைவரே, லேட்டு" என்று கத்தினான். படம் எடுக்கும் பெண் கேமராவை இறக்கிவிட்டாள்.

"அஞ்சு நிமிசம் எறங்கி வரச் சொல்லேன், நெவில். நீ சொன்னா வருவாங்க."

"ஒரு மணி நேரம்தான லேட்டு, கிரஹாம்," என்றாள் வில்மா. "அதுக்குப் போய் ஏன் அலட்டிக்கிற."

டன்ஸ்டர் அவளை விட்டுவிட்டு நெவில் பக்கம் சாய்ந்து குரலை இறக்கினார். அந்தக் குரல் எனக்குத் தெரியும், என் சலூன் நாற்காலியில் உட்கார்ந்து பேசுகிற குரல். "இத மனசுல வச்சுக்காத நெவில். அறிக்கையெல்லாம் சும்மா ஒரு சம்பிரதாயம். தேர்தல் முடியட்டும், மொத வேலையா இத மறுபடி எடுக்கிறேன். தனிப்பட்ட முறையில நான் என்னைக்கும் உன் பக்கம்தான். அந்தப் பழைய கடைய மட்டும் விட்டுறாத. வா, உங்கப்பா கொடிக்குக் கீழ நின்னு ரெண்டு பேரும் ஒரு படம் எடுத்துக்குவோம்."

நெவில் கண்ணாடி வழியாக எதிரே பார்த்தான். கொடி காற்றில் லேசாக அசைந்தது. அவன் முகத்தில் அந்தப் பழைய வெளிச்சம் வந்தது. முப்பது வருடமாக ஒவ்வொரு தேர்தலுக்கும் நான் பார்த்துச் சபித்த அதே வெளிச்சம். வில்மா தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டாள். என் வாயில் இருந்த காப்பி கசந்தது. இந்த மனிதன் இப்போது தெருவைக் கடந்தால் நான் இனி ஜென்மத்துக்கும் அவனோடு பேசமாட்டேன் என்று நினைத்தேன்.

நெவில் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டான். அண்ணாந்து அப்பாவின் கடிகாரத்தைப் பார்த்தான்.

"தேர்தல் முடிஞ்சப்புறமா வாங்க, பேசுவோம்," என்றான். "மூணரைக்கு மூடிட்டு நாங்க கடலுக்குப் போயிருவோம். அதுக்குள்ள வந்துருங்க."

அடுத்ததைச் சொல்ல அவனுக்கு வலித்தது, அது தெரிந்தது.

"எங்க மணிக்கு மூணரை."

வில்மா மறுபடி தட்டைத் துடைக்கத் தொடங்கினாள். டன்ஸ்டர் கைபேசியை வெளியே எடுத்து, அது எத்தனை மணி என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.